அட்டிகை சொல்லாத நாலு வார்த்தை

இங்கிலாந்துக்கு நான் செய்த துரோகத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. இனிமேல் என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் மாத்திரை வாங்கிக் கொடுத்தே அந்த அரசாங்கம் திவாலாகிவிடும்.

இன்றைக்கு லண்டனில் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே "ஸ்லீப் இஸ் கமிங்" என்கிறான் அல்லவா? கனடாவில் மின்சாரம் நின்றால் தெருவே "கரண்ட் வென்ட்" என்று கத்துகிறது அல்லவா? அவர்கள் பரம்பரையில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அது முழுக்க முழுக்கத் தூத்துக்குடிச் சரக்கு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், பதினேழு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் நாற்பது பெண்கள் சேர்ந்து சாப்பிட்ட சீலா மீன் குழம்பின் கைவரிசை.

நேச்சுரா என்று ஒரு கம்பெனி. எங்கள் ஊரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து, 'இயல்பு அறை' என்று பலகை மாட்டி, எங்களை உட்கார வைத்தது. திரையில் இரண்டு மூன்று ஆங்கில வார்த்தைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்து நிற்கும், பொருத்தம் பார்க்க வந்த ஜோடி மாதிரி. பொருந்தினால் பச்சைப் பொத்தான். பொருந்தாவிட்டால் சிவப்பு. ஸ்ட்ராங் டீ பச்சை. பவர்ஃபுல் டீ சிவப்பு. ஹெவி ரெயின் பச்சை. ஹெவி சன் சிவப்பு. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. நமக்கு வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, பசி எடுக்கிறது. ஒருவன் வந்து "எனக்குப் பசி பெய்கிறது" என்றால் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அவன் நம்ம ஆள் இல்லை என்று நாய்க்குக்கூடத் தெரிந்துவிடும். அதே கதைதான்.

ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களை வைத்து இதைச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர்களை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பொத்தான் அழுத்தச் சொன்னால் கம்பெனிக்குத் தீ வைத்துவிடுவார்கள். நாங்கள் கான்வென்ட்டில் முட்டிக்கால் போட்டு ஆங்கிலம் கற்றவர்கள். பொறுமைசாலிகள். பத்தொன்பது வருடத்தில் நான் அழுத்திய பச்சைகளைக் கடலில் வரிசையாக மிதக்கவிட்டால் கொழும்புக்கு நடந்தே போகலாம். சிவப்பையும் சேர்த்தால் திரும்பியும் வரலாம்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்து கண் செருகிக்கொண்டிருந்த நேரத்தில் திரையில் "ஸ்லீப் இஸ் கமிங்" வந்தது. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசவில்லை. நாற்பது பேரும் மனப்பூர்வமாகப் பச்சையை அழுத்தினோம். இயல்பு அறை வரலாற்றில் ஒருமனதாக ஏறிய ஒரே தீர்ப்பு அதுதான். அடுத்து வந்த "கரண்ட் வென்ட்" இரண்டே இரண்டு சிவப்போடு ஏறியது.

நாங்கள் சொன்ன பொருத்தங்களையும், உலகத்தில் அச்சான காகிதங்கள் அத்தனையையும் அரைத்துக் குடித்துத்தான் அந்தக் கழுத்துப் பட்டை பிறந்தது. கம்பெனி அதற்கு வைத்த பெயர் நீளம். கழுத்தை ஒட்டிக் கிடப்பதால் எங்கள் ஊரில் அட்டிகை என்கிறோம். நீங்கள் தட்டுத்தடுமாறி எதையோ சொல்ல, அது உங்கள் சொந்தக் குரலை அமுக்கிவிட்டு, அதே குரலில், பிறவியிலேயே ஆங்கிலம் பேசியவர் போலச் சொல்லிவிடும். கூடவே நூற்றுக்கு இத்தனை என்று இயல்பு மதிப்பெண்ணும் வரும். எண்பதுக்குக் கீழே போனால் வேலை இல்லை, விசா இல்லை, வழக்கு மன்றத்தில் உங்கள் பேச்சு பதிவில் ஏறாது. முதலில் பேசத் தெரியாதவர்களுக்காக வந்தது, பிறகு ஆங்கிலம் பேசுகிற எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டது. நான் ஓய்வு பெற்று, இந்தக் குறும்பை நினைத்து நினைத்துச் சிரித்தபடி காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். சிந்தா வந்து கதவைத் தட்டும் வரை.

காலை பத்து மணி. சர்க்கரை வியாதிக்காரி என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு மக்ரூன் டப்பாவைத் திறந்திருந்தேன்.

"எக்கா, பெர்பெத்துவாக்கா வீடு இதானா?"

வாயில் மக்ரூன் கரையும் வரை காத்திருந்து கதவைத் திறந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். நண்டுக் கம்பெனியின் நீலத் தொப்பியைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"நான் சிந்தாத்திர. எட்டு மாசத்துக்கு முந்தி கப்பல் டேங்குக்குள்ள மூச்சு முட்டிச் செத்தாவளே இஞ்ஞாசி, அவிய வீட்டுக்காரி. நீங்கதான அந்தப் பொத்தான் கம்பெனில இருந்தது?"

"இருந்தேன். உக்காரு. மக்ரூன் தின்னுதியா?"

"வேண்டாம். நீங்க பூட்டுன பூட்டாம். சாவி உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாவ."

அவள் உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினாள். இஞ்ஞாசி கடைசியாக அனுப்பிய குரல் செய்தி. பின்னணியில் இயந்திரச் சத்தம். அவன் அவசரமாகப் பேசுகிறான்: "ஏட்டி, காத்துப் பாக்குற மீட்டரு ஓடல. சொன்னா கேக்க மாட்டேங்கான். எறங்குன்னு எறக்கி விடுதான். ஏறி வந்து கூப்பிடுதேன்."

அவன் ஏறி வரவில்லை.

"இத கடலோடிகள் நடுவர் மன்றத்துல போட்டாவ, போன வாரம்," என்றாள் சிந்தா. "ஸ்கிரீன்லதான் விசாரண. தமிழ்லயே போட்டாலும் அட்டிகைதான இங்கிலீஷாக்கிச் சொல்லும்? என்ன சொல்லுச்சு தெரியுமா?"

அடுத்த பதிவைத் தட்டினாள். அதே இஞ்ஞாசி. அதே குரல். ஆனால் நிதானமாக, அழகாக: "த மீட்டர் இஸ் நாட் ஒர்க்கிங். ஐ ஆம் என்டரிங் த டேங்க். ஐ வில் கால் யூ."

நான் உள்ளே நுழைகிறேன். அவ்வளவுதான். இறக்கிவிட்டவனைக் காணோம்.

"மீட்டரு ஓடலன்னு தெரிஞ்சும் தானா எறங்குன பைத்தியாரன்னு ஆயிட்டாவ. சரி, நான் சொல்லுதேன்னு எந்திரிச்சேன். ஒரு மாசமா நாலு வார்த்த நெட்டுரு போட்டு வச்சிருந்தேன். நீங்களே கேளுங்க." சட்டென்று தன் அட்டிகையைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து அவள் வாயசைத்தாள். உதடு அசைந்ததை நான் தெளிவாகப் பார்த்தேன்: தே, சென்ட், ஹிம், இன்.

அவள் குரலில் அட்டிகை சொன்னது: "ஹி என்டர்ட் த டேங்க்." மதிப்பெண் தொண்ணூற்றேழு.

அவள் அழுத்தமாக, ஏறக்குறையக் கத்தியபடி, மறுபடியும் வாயசைத்தாள். இந்த முறை அது இன்னும் உபசாரமாகச் சொன்னது: "ஹி என்டர்ட் த டேங்க் வித்தவுட் பெர்மிஷன்." தொண்ணூற்றெட்டு.

பட்டையைப் பிய்த்து மேசையில் எறிந்தாள். "என் கொரல்லயே, எக்கா. என் கொரல்லயே அவியள கொற சொல்லுது. அனுமதி இல்லாமப் போனாருன்னு நானே சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன். அவிய கல்லறைக் கல்லுல பேரும் தேதியும்தான் வெட்டியிருக்கு. கீழ ஒரு வரிக்கு எடம் விட்டிருக்கேன். தீர்ப்புல இப்பிடி எழுதிட்டானுவன்னா அந்த எடத்துல நான் என்னத்த வெட்ட?"

எறிந்த பட்டையை எடுத்துத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஏன் இப்பிடிச் சொல்லுது? அத மட்டும் சொல்லுங்க, போயிருதேன்."

"உக்காரு முதல்ல," என்றேன். "அதுக்குக் காது கேக்காம இல்ல. நீ சொன்னது நல்லாக் கேட்டிருக்கு. ஆனா அந்த ஜோடி அதுக்குப் பழக்கமில்ல. இது வரைக்கும் உலகத்துல எத்தன பேரு கப்பல் டேங்குக்குள்ள செத்திருப்பான்? அத்தன பேரப் பத்தியும் ரிப்போர்ட் எழுதுனது யாரு?"

"கம்பெனிக்காரன்."

"அவன் என்னன்னு எழுதுவான்? 'இறந்தவர் தொட்டிக்குள் நுழைந்தார்.' ஒரு லட்சம் ரிப்போர்ட்லயும் நுழைந்தார், நுழைந்தார்னுதான் இருக்கு. அனுப்பினோம்னு எந்த மடையன் எழுதுவான்? அதனால கப்பல், டேங்க், சாவு இந்த மூணும் சேந்து வந்தா 'நுழைந்தார்'தான் இயல்பு. நீ சொல்லுதது, கேட்டுக்கோ, பசி பெய்யுதுங்கிற மாதிரி."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப இயல்புன்னா என்னக்கா? யாரு நெறைய எழுதுதானோ அவன் சொல்லுததா?"

பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்வானேன். தோன்றாததுகூடப் பரவாயில்லை. ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பழைய தீர்ப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி ஒரு சலுகை வைத்திருந்தது. சிந்தாவின் எதிரிலேயே போனில் தேடினேன். "த டிசீஸ்ட் என்டர்ட்", அதாவது இறந்தவர் நுழைந்தார், என்ற ஜோடி பதினான்கு வருடங்களுக்கு முன்பு எங்கள் அறைக்கு வந்திருக்கிறது. அழுத்தியவர்கள் மூன்று பேர். இரண்டாவது பெயர் பெர்பெத்துவா. பச்சை. எடுத்துக்கொண்ட நேரம் முக்கால் வினாடி.

போனை அவளிடம் காட்டினேன். அவள் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "முக்கா செக்கண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

மக்ரூன் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தேன். "அடுத்த விசாரண எப்ப?"

"இருவத்தாறு நாள்ல."

"போதும். ஒரு நாடே கொட்டாவி விடுத விதத்த மாத்துனவ நான். நாலு வார்த்தைய ஏத்த முடியாதா?"

அட்டிகைக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளியே விடுவது தன் இஷ்டத்தை. ஆனால் கணக்கில் வைத்துக்கொள்வது நம் தொண்டை உண்மையில் சொல்ல வந்ததை. இல்லாவிட்டால் அது புதிதாக ஒன்றும் கற்காமல், நேற்றைய மொழியையே மென்றுகொண்டு கிடக்கும். ஆகவே போதுமான தொண்டைகள் ஒரு ஜோடியைச் சொல்லிக்கொண்டே இருந்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் மதிப்பெண் மாறும். "சென்ட் ஹிம் இன்" அன்றைக்குக் கடல் பிரிவில் வாங்கியிருந்தது நூற்றுக்கு இரண்டு.

என் திட்டம் பிரமாதமானது. என் திட்டங்கள் எல்லாமே பிரமாதமானவை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் பத்து நிமிடம் கடன் வாங்கினேன். கோவிலுக்குள் ஆயிரம் பேர், வெளியே கொடிமரத்தைச் சுற்றி இரண்டாயிரம் பேர். எல்லார் கழுத்திலும் அட்டிகை. பாடகர் குழு மாஸ்டர் கை தூக்கினார். மூவாயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில், "தே சென்ட் ஹிம் இன்! தே சென்ட் ஹிம் இன்!" புறாக்கள் எல்லாம் எழும்பி மன்னார் பக்கம் ஓடிவிட்டன. இரண்டு கிழவர்களுக்குக் காது கேட்கத் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் பாடகர் குழு ராகம் போட்டு, நாலாவது சுற்றில் ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது. நான் பெருமையில் பலூனாகி நின்றேன்.

மறுநாள் காலையில் மதிப்பெண்ணைப் பார்த்தேன். ஒன்று.

ஒன்று கூடவில்லை. இரண்டு, ஒன்றாகியிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சொன்னதால் அட்டிகை அதைப் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு என்று முடிவு செய்து, திருத்தாமல் அப்படியே வெளியே விட்டு, கடல் பிரிவிலிருந்து கழற்றி, 'பக்திப் பாடல்கள்' பிரிவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அங்கே நல்ல வரவேற்பாம்.

சிந்தாவிடம் இதைச் சொல்லத் துறைமுக வாசல் டீக்கடைக்குப் போனேன். அவள் ஷிப்ட் முடிந்து அங்கேதான் பஸ் ஏறுவாள். கடையில் கஸ்பார் இருந்தார். நாற்பது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்து கரையேறியவர். அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறும், பால் திரியும், கடைக்காரருக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

"ஏ பெர்பெத்து, பாட்டு எப்பிடிப் போகுது? ஈஸ்டருக்கும் வைப்பமா?"

"வாய மூடும்," என்றேன்.

சிந்தா விஷயத்தைக் கேட்டாள். அழவில்லை. டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். கஸ்பாருக்கே சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்கு மேலே தோல் சுருங்கி, மெழுகு ஊற்றியது மாதிரி இருந்தது.

"மனச விடாத தாயி. என்னையுந்தான் அனுப்புனானுவ. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. நான் சமையக்காரன். எனக்கும் பாய்லருக்கும் என்ன சம்பந்தம்? ஆளு கொறையுது, நீ போலேன்னான். போனேன். கூட ஒரு பிலிப்பைன்ஸ் பய, ரொமுலோன்னு பேரு, அவனுந்தான். அவனுக்கு மொகம் போச்சு. இப்பவும் மாசம் ஒருக்கா போன் போடுவான்."

சிந்தா கிளாஸைக் கீழே வைத்தாள். "அவருகிட்ட நீங்க என்ன பாஷைல பேசுவிய, மாமா?"

"இங்கிலீஷ்தான். கப்பல் இங்கிலீஷ். வேற எதுல பேச?"

"இந்தக் கதைய பேசியிருக்கியளா அவருட்ட?"

கஸ்பார் வாய் திறந்து மூடினார். நாற்பது வருடம் ஓயாமல் பேசிய வாய். "இல்ல," என்றார். "பிள்ளையள பத்திப் பேசுவோம். மழையப் பத்திப் பேசுவோம். இது... ரெண்டு பேருக்குந் தெரிஞ்சதுதான, எதுக்குப் பேசிக்கிட்டுன்னு விட்டாச்சு."

"இப்ப பேசுங்க."

"என்னது?"

"போன் போடுங்க, மாமா. எனக்காகச் சொல்லாண்டாம். இஞ்ஞாசியப் பத்திப் பேசாண்டாம். உங்க கதைய அவருட்ட சொல்லுங்க." என் பக்கம் திரும்பினாள். "எக்கா, நாம எல்லாரும் எம் புருசனுக்கு நடந்தத சொன்னோம். அவங்க யாருக்கும் அது நடக்கல. பொய் இல்லன்னாலும் அது ஒப்பிக்கிறதுதான. அது கண்டுபிடிச்சிட்டுது. நடந்தவன் சொல்லட்டும்."

கஸ்பார் அட்டிகையை ஒட்டிக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டார். முதலில் மழை. பிறகு பிள்ளைகள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரொமுலோ, தட் டே, பாய்லர்," என்று ஆரம்பித்தார். "தே சென்ட் அஸ் இன்." அட்டிகை அதை "வி என்டர்ட் த பாய்லர் ரூம்" என்று ரொமுலோவின் காதில் போட்டது. பிறகு ரொமுலோவின் குரல் வந்தது, அதுவும் அட்டிகை திருத்திய குரல்தான்: "யெஸ். வி என்டர்ட்." ஆனால் கஸ்பாரைப் போலவே அவனும் அழுதுகொண்டிருந்தான். இரண்டு பேரும் என்ன சொல்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. இடையில் இருந்த பட்டைக்கு மட்டும்தான் அது இன்னும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பெரிதுபடுத்தவே முடியாது. நான் முயன்றும் பார்த்துவிட்டேன்.

ரொமுலோ தன் ஊரில் பதினோரு பேரிடம் சொன்னான். கஸ்பார் புன்னைக்காயலுக்கும் மணப்பாட்டுக்கும் பஸ் ஏறினார். கரையேறிய மாலுமி இல்லாத தெரு எங்கள் கடற்கரையில் ஏது? ஒவ்வொருவருக்கும் பர்மாவிலோ கானாவிலோ வங்காளத்திலோ ஒரு பழைய கூட்டாளி இருந்தான். ஒவ்வொருவரும் இது வரை பேசாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. தே சென்ட் மீ இன், நோ லைட். தே சென்ட் மை பிரதர் இன், ஹி வாஸ் நைன்டீன். நங்கூரச் சங்கிலி அறை, சரக்குக் கிடங்கு, எண்ணெய்த் தொட்டி. மணப்பாட்டில் ஒருத்தி, புருஷனைப் பறிகொடுத்து இருபது வருடமானவள், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது. சிந்தாவிடம் அந்த நாலு வார்த்தையை மட்டும் கற்றுக்கொண்டாள். ஒரு வாரம் பிடித்தது. பிறகு, செத்தவனோடு வேலை பார்த்த ஒரு இந்தோனேசியனின் மனைவிக்குப் போன் போட்டு, அந்த நாலை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த அம்மாள் திருப்பிக் கூப்பிட்டு அதே நாலைச் சொன்னாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பாஷை இல்லை. அரை மணி நேரம் போனை வைக்காமல் இருந்தார்களாம்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ஞாயிறுதோறும் மதிப்பெண்ணைப் பார்த்துச் சிந்தாவுக்குச் சொன்னேன். ஒன்று, ஏழு ஆயிற்று. ஏழு, முப்பத்தெட்டு ஆயிற்று. விசாரணைக்கு முந்தைய ஞாயிறு என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றொன்று. ஒரு மொழி தன் பழக்கத்தை மூன்று வாரத்தில் மாற்றிக்கொண்டது. நாங்கள் சீலா மீன் குழம்பு சாப்பிட்டு மாற்றியதைவிட இது பெரிய சாதனை, ஒப்புக்கொள்கிறேன்.

விசாரணை அன்று காலை பதினொன்றரைக்கு. சிந்தா வீட்டுக் கூடத்தில் திரை. நடுவில் நீதிபதி அம்மாள், வெள்ளை முடி, களைத்த கண்கள். இடது பக்கம் கப்பல் கம்பெனியின் வக்கீல் ஹார்விங்டன். பரம்பரை பரம்பரையாக ஆங்கிலம் பேசியே தாடை நீண்ட முகம். விதிப்படி எல்லார் கழுத்திலும் அட்டிகை.

சிந்தா எழுந்தாள். இந்த முறை தான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றும், தன் புருஷன் அனுப்பிய செய்தியை இன்னொரு முறை போட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். அதற்கு எழுபத்தொன்பது மதிப்பெண்தான் வந்தது. நீதிபதி அம்மாள் ஒரு மதிப்பெண்ணைப் பார்க்காதது போல் இருந்துவிட்டார்.

இயந்திரச் சத்தம். அவசரம். பிறகு, ஒன்பது மாதத்துக்கு முன்பு செத்துப்போன இஞ்ஞாசி, தன் குரலில், மன்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"த மீட்டர் இஸ் நாட் ஒர்க்கிங். ஐ டோல்ட் தெம். தே ஆர் சென்டிங் மீ இன்."

கூடத்தில் யாரோ தேம்பினார்கள். நான்தான். சிந்தா அசையவில்லை.

நீதிபதி அம்மாள் முன்னால் குனிந்தார். போன முறை இதே செய்தி வேறு மாதிரி கேட்டதே என்று மன்ற எழுத்தரிடம் கேட்டார். எழுத்தர் பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். பிறகு அம்மாள் வக்கீலைப் பார்த்தார். உங்கள் பதில்?

ஹார்விங்டன் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். என்ன சொல்ல வாயெடுத்தார் என்று அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். 'இறந்தவர்' என்று ஆரம்பித்த உதடு 'நுழைந்தார்' என்று முடிவதை நான் பார்த்தேன். கப்பல், டேங்க், சாவு மூன்றும் சேர்ந்து வந்தால் எது இயல்போ, அதை அட்டிகை அவருடைய கம்பீரமான குரலில் சொன்னது:

"தே சென்ட் ஹிம் இன்."

அவர் இருமினார். மறுபடி சொன்னார், இன்னும் அழுத்தமாக.

"மை லேடி, தே சென்ட் ஹிம் இன்."

முகம் இறால் வெந்த மாதிரி சிவந்தது. பட்டையைக் கழற்றி எறிந்தார். சொந்தத் தொண்டையில், தாத்தன் முப்பாட்டன் பேசிய ஆங்கிலத்தில், மூன்று நிமிடம் பொரிந்து தள்ளினார். எனக்கு நன்றாகவே புரிந்தது, அழகான ஆங்கிலம். முடித்ததும் எழுத்தர் சங்கடத்தோடு திரையைக் காட்டினார். இயல்பு மதிப்பெண் ஐம்பத்தெட்டு. பதிவில் ஏற்ற இயலாது.

"இது என் தாய்மொழி!" என்றார் ஹார்விங்டன்.

"பயிற்சி எடுத்துக்கொள்ளலாம், சார்," என்றார் எழுத்தர், மனதாரத்தான்.

நான் மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். அந்த வயதில் அப்படிக் குனிவது ஆபத்து. ஆனால் முகத்தை வெளியே வைத்துக்கொண்டிருந்தால் அதைவிட ஆபத்து. அப்போதுதான் நீதிபதி அம்மாள் தன் கழுத்துப் பட்டையைத் தானே மெல்லக் கழற்றினார். இந்த வழக்கின் எல்லாச் செய்திகளையும் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டு, கையால் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்கு மதிப்பெண் நாற்பத்தொன்று. அதை ஏற்றாமல் விட எழுத்தருக்குத் தைரியம் இல்லை.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் 'எறக்கி விடுதான்' என்பதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதினார். ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வேலை செய்யாத மீட்டரோடு, எதிர்ப்பு தெரிவித்த பிறகும், இஞ்ஞாசி உள்ளே அனுப்பப்பட்டார். பொறுப்பு கம்பெனியினுடையது.

தீர்ப்பு வந்த மறுநாள் சிந்தா என்னைக் கல் வெட்டும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி வரிக்காக இஞ்ஞாசியின் கல் இன்னும் அங்கேதான் கிடந்தது. பட்டறைக்காரர் சூசையண்ணன் முப்பது வருடமாக எங்கள் ஊர்க் கல்லறைகளுக்கு வெட்டுகிறவர். சிந்தா எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இத எப்பிடிம்மா வெட்டுதது? 'இறைவனில் இளைப்பாறுகிறார்'னு போடுவோம். 'ஆண்டவரில் துயில்கொண்டார்'னு போடுவோம். கல்லுன்னா இந்த ரெண்டுதான் சேரும். எங்கப்பா காலத்துலேந்து இதான்."

நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். வெறுங்கழுத்து. கல் தூசி மட்டும்தான் படிந்திருந்தது.

"அவிய தூங்கப் போவல, அண்ணே," என்றாள் சிந்தா. "எழுதியிருக்கத வெட்டுங்க."

"வழக்கமில்லையேம்மா. பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"வாசிப்பான்."

சூசையண்ணன் என்னைப் பார்த்தார், பெரியவள் நீயாவது சொல் என்பது மாதிரி. எனக்கு முக்கால் வினாடி போதவில்லை. காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக வாசித்தேன். பிறகு தலையை ஆட்டினேன்.

அவர் உளியை எடுத்து, விட்டு வைத்திருந்த இடத்தைத் துடைத்து, முதல் எழுத்தை வைத்தார். 'உள்ளே அனுப்பினார்கள்.'